ஊசியும் ஓய்வும்: கொஞ்சம் வரலாறு

2010ஆம் ஆண்டு அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். ஓய்வு பெற்றேனே தவிர ஓய்வு கிடைக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கோப்பு புரட்டிய கை சும்மா இருக்க மறுத்தது. காலை ஒன்பதே முக்கால் ஆனால் நெஞ்சு படபடக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரம் அல்லவா! பிறகு வீட்டுக்காரரின் உடல்நிலை, பேத்தியின் பிறப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஏழெட்டு வருஷம் ஓடிப்போயிற்று.

அவர் போன பிறகு, புதுச்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு செம்பரம்பாக்கத்துக்கு வந்தேன். மகனுக்கு ஒரகடத்தில் வேலை. கார் இருக்கைக்கு உறை தைக்கும் கம்பெனி. மருமகள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். இருவருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். எங்கள் மாடி ஜன்னலில் நின்றால் ஒரு பக்கம் ஏரிக்கரை தெரியும், இன்னொரு பக்கம் பெங்களூரு சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவது தெரியும். ஏரிக்கு அவசரமே கிடையாது. சாலைக்கு அவசரம் தவிர வேறொன்றும் கிடையாது.

இந்த ஊருக்கு வந்துதான் நான் மறுபடி ஊசி எடுத்தேன். "இனி சாகும்வரை ஊசியைத் தொடமாட்டேன்" என்று பதினேழு வயதில் சபதம் போட்டவள் நான். சபதம் எப்படி உடைந்தது என்று சொல்ல வந்தேன். சொல்லப் போனால் அதற்குள் முந்நூறு வருஷக் கதை இருக்கிறது.

எதிர் வீட்டு நூல்கண்டு

எங்கள் எதிர் பிளாட்டில் வாலாஜாபாத் பெண் ஒருத்தி இருக்கிறாள். ரவிக்கைக்கு ஆரி ஒர்க் செய்து கொடுக்கிறாள். கல்யாண சீசனில் அவள் வீட்டு விளக்கு இரவு ஒரு மணிக்கும் எரியும். ஒருநாள் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமாமே, இதில் என்ன எழுதியிருக்கு பாருங்க" என்றாள். கை எம்பிராய்டரிக்கு ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று வரவழைத்த நூல். சின்னச் சின்னக் கண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு காகிதப் பட்டை, அதில் 'டி.எம்.சி.' என்ற மூன்று எழுத்து, கூடவே 'மூலினே ஸ்பெசியால்'. "முறுக்கிய நூல், விசேஷ ரகம்" என்று பொருள் சொன்னேன். சொல்லிவிட்டுக் கண்டை மூக்கருகே கொண்டுபோனேன். பள்ளிக்கூட வாசனை அடித்தது.

நான் படித்தது கன்னியர் நடத்திய பிரெஞ்சுப் பள்ளியில். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான். நடுவிலிருந்த அந்த எட்டு வருஷத்தில் நாங்கள் வகுப்பில் பிரெஞ்சு, வீதியில் தமிழ் என்று வளர்ந்தோம். வாரத்தில் இரண்டு பிற்பகல் தையல் பாடம். பிரெஞ்சில் அதற்கு 'குத்யூர்' என்று பெயர். நாங்கள் 'குத்தூர்' என்போம். விரலில் குத்துகிற ஊர்!

முதல் வருஷம் ஒரு சதுரக் கித்தான் துணியில் சிவப்பு நூலால் அகரவரிசை முழுவதையும் பெருக்கல் குறித் தையலில் போட வேண்டும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் கன்னியம்மாள் மதிப்பெண் போடுவார். முன்பக்கம் எல்லாரும் அழகாகப் போடுவார்கள், ஒருத்தியின் குணம் பின்பக்கத்தில்தான் தெரியும் என்பார். பிற்காலத்தில் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கும்போது அந்த வாக்கு அடிக்கடி நினைவுக்கு வந்திருக்கிறது.

ஐரோப்பா பார்த்து எழுதிய பாடம்

அந்த நூல்கண்டின் கதையைத் தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. டி.எம்.சி. என்பது துல்ஃபூஸ், மியெக் கம்பெனி. பிறந்த ஊர் முலூஸ், இன்றைய பிரான்சின் கிழக்கு ஓரம். 1746இல் தொடங்கியபோது அவர்கள் செய்தது நூல் அல்ல. நம் கடற்கரைத் துணியைப் பார்த்து அச்சடித்த போலித் துணி!

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து வண்ணம் தீட்டிய பருத்தித் துணி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. பிரெஞ்சுக்காரர் அதை 'அந்தியென்' என்றார்கள், இந்தியத் துணி என்று பொருள். 1664இல் அமைந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் வந்து உட்கார்ந்ததற்கு முக்கிய காரணமே துணிதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் திறந்தால் யுத்தச் செய்திக்கு நடுவே துணி வியாபாரமும் வியாபாரிகளின் கணக்குத் தகராறும் வந்துகொண்டே இருக்கும்.

இந்தத் துணியின் விசேஷம், துவைத்தாலும் சாயம் போகாது. ஐரோப்பிய பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கூக்குரலிட்டார்கள். 1686இல் பிரான்சு இந்தியத் துணியையும் அதன் போலிகளையும் தடை செய்தது. 1759 வரை தடை நீடித்தது. தடை போட்டால் ஆசை அடங்குமா? சீமாட்டிகள் கள்ளத்தனமாக வாங்கி உடுத்தினார்கள்.

சாயத்தின் ரகசியத்தை அறியப் பலர் முயன்றார்கள். புதுச்சேரியோடு தொடர்புடைய சேசுசபைப் பாதிரியார் கெர்தூ, தம்மிடம் மதம் மாறியிருந்த துணி ஓவியர்களிடம் கேட்டுக் கேட்டு, துணியைப் பக்குவம் செய்வது முதல் சாயவேரில் சிவப்பு ஏற்றுவது வரை படிப்படியாக 1742இல் கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று பின்னாளில் எழுதியவரும் இவரேதான். பெரிய அறிஞர். ஆனால் அந்தத் துணி ஓவியர்களின் பெயரைக் கடிதம் நமக்குச் சொல்லவில்லை.

முலூஸ் அப்போது பிரான்சைச் சேராத தனி நகரம். 1798இல்தான் பிரான்சோடு இணைந்தது. ஆகவே பிரான்சின் தடை அங்கே செல்லாது. அங்கே துணி அச்சடிக்கத் தொடங்கிய குடும்பங்களில் ஒன்றுதான் துல்ஃபூஸ். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் மியெக் வீட்டுப் பெண்ணைக் கட்டி, 1800இல் இரண்டு குலப்பெயரையும் சேர்த்துக் கம்பெனிக்குச் சூட்டினார். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் பூவேலை நூலுக்குத் திரும்பினார்கள். பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் பக்குவம் செய்யும் முறையை ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்திருந்தார். 'மெர்சரைஸ்டு' என்று நூல்கண்டில் போடுகிறார்களே, அது அவர் பெயர். அந்த வழியில் பருத்தி பட்டுபோலப் பளபளத்தது.

விற்க நூல் இருந்தால் போதாது, தைக்கக் கைகள் வேண்டும். தெரேஸ் து தில்மோன் என்ற அம்மையாரைக் கொண்டு 1886இல் பெண்களின் கைவேலைக் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார்கள். பல மொழிகளில் போயிற்று. எங்கள் வகுப்பில் கன்னியம்மாள் மேசைமேல் இருந்த தடித்த புத்தகம் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். நம் ஊர்த் துணியைப் பார்த்துப் பிழைப்புத் தொடங்கிய கம்பெனியின் நூலை வைத்து, நம் ஊர்ப் பெண்களுக்கு அவர்கள் தையல் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த பாடம் வட்டிபோட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

மகாராணிபோல் இருந்தவளும் ஆரியும்

எதிர் வீட்டுப் பெண் கையிலிருக்கும் ஆரி ஊசிக்கும் இப்படி ஒரு கடல் பயணம் உண்டு. சட்டத்தில் துணியை மத்தளத்தோல்போல இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கி உள்ள ஊசியை மேலிருந்து இறக்கி, அடியிலிருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்தால் சங்கிலித் தையல் விழும். கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சிகளின் கருவியிலிருந்து வந்தது இது. சாதாரண ஊசியைவிடப் பல மடங்கு வேகம்.

18ஆம் நூற்றாண்டில் கிழக்கு நாடுகளிலிருந்து இந்த வேலை பிரான்சுக்குப் போனது. மத்தளம்போல் இருப்பதால் அதற்கு 'தம்பூர்' என்று பெயர் வைத்தார்கள். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ஒரு படம் இருக்கிறது. துரூவே என்ற ஓவியர் 1763-64இல் வரைந்தது. பதினைந்தாம் லூயி மன்னரின் அந்தரங்கத் தோழி மதாம் து பொம்பதூர், பூப்போட்ட கவுனோடு, தம்பூர்ச் சட்டத்தின் முன் கொக்கி ஊசியோடு அமர்ந்திருக்கிறார். அருகே ஒரு நாய். முகத்தில் நிம்மதி. அரசியலில் அத்தனை பேரை ஆட்டிவைத்தவர், படம் முடிந்த அதே 1764இல் இறந்துபோனார். தன்னை உலகம் எப்படி நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்பினாரோ அந்தக் கோலம் அது: ஓய்வாக இருக்கும் ஒரு பெண், கையில் ஊசி.

படத்தின் நகலைப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது. கட்ச் மோச்சிக்கு அந்த ஊசி சோறு. பொம்பதூர் சீமாட்டிக்கு அதே ஊசி ஓய்வு. ஊசி ஒன்றுதான். கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இன்றைக்கும் அந்தப் பயணம் நிற்கவில்லை. பாரிசின் புகழ்பெற்ற பூவேலைக் குடும்பமான லெசாழ் வீட்டுப் பிள்ளை ழான்-பிரான்சுவா, 1990களில் சென்னைக்கு வந்து நம் ஆரிக் கலைஞர்களைக் கொண்டு வஸ்திரகலா என்ற பட்டறையைத் தொடங்கினார். நம் கொக்கி திரும்பி வந்து, பிரான்சுக்காகவே நம் மண்ணில் வேலை செய்கிறது.

அம்மாவின் வெள்ளைத் துணி

இப்போது சபதத்துக்கு வருகிறேன்.

என் அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா வீட்டிலிருந்தபடி பூத்தையல் போட்டுத்தான் எங்களை வளர்த்தார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். கைக்குட்டை, மேசை விரிப்பு, தலையணை உறை. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு. ஒரு வியாபாரியின் ஆள் சனிக்கிழமை வந்து டஜன் கணக்கில் எண்ணி எடுத்துக்கொண்டு போவார். கைக்குட்டை ஓரம் ஒன்றுக்கு 25 பைசா என்று நினைவு. வெள்ளையில் வெள்ளை என்றால் கண் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் அரிக்கேன் விளக்கில்.

ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் துணியில் பட்டால் அந்த உருப்படிக்குக் காசு கிடையாது. அதற்கு அம்மாவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. சட்டென்று ஒரு நூல்துண்டை வாயில் போட்டு மென்று, அந்த எச்சில் நூலால் ஒற்றி எடுப்பார். "அவங்க அவங்க ரத்தத்துக்கு அவங்க அவங்க எச்சில்தான் மருந்து" என்பார். உண்மையாகவே கறை போய்விடும்.

நான் பள்ளி விட்டு வந்தால் தங்கை, அம்மா, நான் மூவரும் உட்காருவோம். 'குத்தூர்' வகுப்பில் நான் வாங்கிய நல்ல மதிப்பெண்ணுக்கு வீட்டில் கிடைத்த பரிசு, கூடுதலாக அரை டஜன் கைக்குட்டை! ஒருநாள் அம்மா தயங்கித் தயங்கிக் கூலியைக் கொஞ்சம் கூட்டித் தரக் கேட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே அம்மா போடுறீங்க?"

காலை நாலு மணிக்கு எழுந்து, இரவு பதினோரு மணிக்குப் படுக்கிற என் அம்மா சும்மா இருக்கிறாராம். அன்றைக்குப் போட்டதுதான் அந்தச் சபதம். பிரெஞ்சும் தட்டச்சும் கைகொடுத்தன. 1972இல் குமாஸ்தா ஆனேன். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்ட காலம். முதல் சம்பளத்தில் அம்மாவின் ஊசிப்பெட்டியை மூடி அலமாரி மேல் வைத்தேன்.

'சும்மா இருக்கிற நேரம்'

அந்தச் சொல்லை நான் தனிப்பட்ட ஒரு மனிதரின் கொடுமை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அது ஒரு தொழிலின் இலக்கணம் என்று பிறகுதான் தெரிந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் ஆந்திராவின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். உலகச் சந்தைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் நாள் முழுக்கப் பின்னுகிறார்கள். ஆனால் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்வதில்லை. இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்று சொல்கிறார்கள். வேலைக்கு 'ஓய்வு' என்று பெயர் வைத்துவிட்டால் கூலி தர வேண்டிய கட்டாயம் குறைந்துவிடும் அல்லவா? அதைப் படித்த அன்று எனக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அம்மா இல்லை, படித்துக் காட்ட.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், தம் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அடிமைக் குலத்தில் பிறந்த சில பெண்கள் லேஸ் பின்னிய காசைக் கட்டித் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. ஊசி அவர்களுக்கு ஓய்வு தரவில்லை, விடுதலையைத் தந்தது. ஓய்வைவிட அது பெரிது.

புதுச்சேரியில் இந்த வேலைக்குப் பேர்போனவர்கள் க்ளூனி சபைக் கன்னியர். அன்-மரி ழவுவே என்ற விவசாயி வீட்டுப் பெண் 1807இல் பிரான்சில் தொடங்கிய சபை. 1827இல் புதுச்சேரிக்கு வந்துசேர்ந்தார்கள். ரோமன் ரோலண்ட் வீதியில், பழைய பிரெஞ்சு வீடொன்றில், அவர்களுடைய பூவேலைக் கூடம் இன்றும் இருக்கிறது. உயரமான ஜன்னல்கள், நல்ல வெளிச்சம், வரிசையாக உட்கார்ந்து மேசை விரிப்பிலும் கைக்குட்டையிலும் பூப்போடும் பெண்கள். ஆதரவு தேவைப்படும் பெண்களுக்கு வேலை தருவது நோக்கம். ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை அங்கே போய், ஒரு பெட்டிக் கைக்குட்டை வாங்கினேன். அட்டையில் போட்ட விலையில் ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை.

கந்தையின் பெருமை

பூத்தையலுக்கு இப்படி ஒரு சந்தைச் சரித்திரம். ஆனால் கில்ட் என்று இப்போது சொல்கிறார்களே, துணியை அடுக்கி இழையோட்டும் போர்வை, அதன் சரித்திரம் வேறு. அது பெரும்பாலும் விற்பதற்கு அல்லாமல் வீட்டுக்காகப் பிறந்தது.

வங்காளத்தில் 'காந்தா' என்கிறார்கள். நைந்த புடவை, வேட்டிகளை மூன்று நான்கு அடுக்காக வைத்து, புடவைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் வெறும் ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கும் மருமகனுக்கும் விருந்தாளிக்கும் தைத்தார்கள். சமையல் முடிந்த பிற்பகல்களில் மாதக்கணக்கில் நடக்கும் வேலை. சமஸ்கிருதத்தில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட துணி. நம் 'கந்தை' அதற்கு உறவு.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' தைக்கிறார்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். சட்டமோ மேசையோ கிடையாது. தரையில் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுத் துணிகளை வைத்து வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கிப் போவார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணி ஒன்றைச் சேர்ப்பார்கள். அதற்குப் 'பூ' என்று பொருள்படப் 'பூலா' என்று பெயர். அது இல்லாத போர்வை அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்களாம். கட்டிக்கொள்ளத் துணி போதாத வீட்டில்கூடப் போர்வைக்குப் பூ வைக்கத் தோன்றியிருக்கிறதே!

நம் பக்கத்துக்கு இதற்கெல்லாம் பெரிய பெயர் கிடையாது. பழம்புடவையை நாலாக மடித்து நாலு வரி தையல் ஓட்டினால் குழந்தைக்கு விரிப்பு. அவ்வளவுதான். அருங்காட்சியகத்தில் அதை வைக்கமாட்டார்கள். கிழிந்தால் கரித்துணி ஆகிவிடும்.

பெட்டியில் இருந்தது

எதிர் வீட்டுப் பெண்ணின் நூலைப் பார்த்த சில வாரங்களில் புதுச்சேரி வீட்டை வாடகைக்கு விடச் சாமான்களை ஒழித்தோம். அலமாரி மேலிருந்து அம்மாவின் ஊசிப்பெட்டி வந்தது. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு விரிப்பும் வந்தது. அம்மாவின் மூன்று சுங்குடிப் புடவைகள், என் தங்கையின் ஒரு பாவாடை எல்லாம் அடுக்கித் தைத்தது. தங்கை பிரசவத்துக்கு அம்மா தைத்தது என்று நினைவு வந்தது. அதற்குள் நான் வேலைக்குப் போய் மூன்று நாலு வருஷம் ஆகிவிட்டது. வியாபாரியின் ஆள் வருவதும் நின்றுபோயிருந்தது.

மகன் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். பழக்கதோஷம், முதலில் பின்பக்கத்தைத் திருப்பினேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் ஒரே கோணல்! ஒரு இழை நீளம், ஒரு இழை குட்டை. ஒரு வரிசை பாதியில் வளைந்து, என்ன நினைத்தாரோ, மீன்போல ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. நூல் தீர்ந்த இடத்தில் வேறு நிறம். ஒரு அங்குலத்துக்கு இருபது தையல் பிசகாமல் போட்ட கை அது. கண் மங்கியதால் இருக்கலாம். ஆனால் மீன் மங்கிய கண்ணால் வருவதில்லை.

இங்கே அம்மாவுக்கு எண்ணிப் பார்க்க யாரும் இல்லை. சனிக்கிழமை இல்லை. ரத்தம் பட்டாலும் பரவாயில்லை. முதல் முறையாக அம்மா உண்மையிலேயே சும்மா இருக்கிற நேரத்தில் தைத்தது இதுதான். நான் ஊசிப்பெட்டியை மூடி வைத்ததோடு அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். பெட்டியிலிருந்து ஓர் ஊசியை அவர் முன்பே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஓய்வு என்றால் கை கட்டி உட்காருவது அல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தேன். எட்டாவது முயற்சியில் நூல் காதில் நுழைந்தது. இந்த வயதில் அதுவே ஒரு வெற்றி. இப்போது அம்மாவின் விரிப்பு கிழிந்த இடங்களில் என் பழைய புடவைத் துண்டுகளை வைத்து ஓட்டுகிறேன். ஆபீஸ் போகக் கட்டிய காட்டன் புடவைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பும் ஒரு மேலதிகாரியும் நினைவுக்கு வருவார்கள். ஒரு வரி தைத்து முடிப்பதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். மூச்சு ஊசியோடு சேர்ந்து நடக்கிறது. ஒன்பதே முக்கால் படபடப்பு எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

இதை வைத்துக்கொண்டு, "எல்லாரும் தைக்க வாருங்கள், மன அமைதி கிடைக்கும்" என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. மாதம் பிறந்தால் எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அதனால்தான் ஊசி எனக்கு ஓய்வு. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு முகூர்த்தத் தேதி தலைக்குமேல் நிற்கிறது. மகனின் கம்பெனியில் இருக்கை உறை தைக்கும் பெண்களுக்கு ஓர் உறைக்கு இத்தனை விநாடி என்று திரையில் எண் ஓடுமாம். அவர்கள் யாரையும் பார்த்து, "தையல் எவ்வளவு நிம்மதி!" என்று சொன்னால் அந்த வியாபாரியின் ஆளுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. எதிர் வீட்டுப் பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ரவிக்கைக்கு விலை சொல்லும்போது மணிக்கணக்கை எழுதி வைத்துச் சொல், 'சும்மா இருக்கிற நேரம்' என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு என்று. இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாள். கணக்கை நான்தான் சரிபார்க்கிறேன். பழைய குமாஸ்தா அல்லவா!

போன வியாழக்கிழமை மருமகள் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தாள். நான் கூடத்தில் விரிப்பைப் பரப்பி வைத்திருந்தேன். "அத்தை, ஒரு வரி நான் போடட்டுமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்தாறு தையல் போட்டிருப்பாள். ஊசி பிடித்தபடியே தலை சாய்ந்துவிட்டது. ஊசியை மெதுவாக எடுத்துக்கொண்டேன். அம்மாவின் மீன் இருந்த பக்கத்தை அவள்மேல் இழுத்து விட்டேன்.

அவள் போட்ட ஐந்தாறு தையலும் கோணல்தான். பிரிக்கவில்லை. அதன் பக்கத்திலிருந்தே அடுத்த வரியைத் தொடங்கினேன்.